ஆறு மணிக்கு மேல்

சென்னை,
12.1.2025

மதினிக்கு,

அண்ணனின் போன் இப்போது உங்களிடம் இருக்கிறது. அதில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் போனிலிருந்து கூப்பிடலாமா என்று யோசித்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த ஒரு வரி இதுதான்: ஓவியாவைக் காசநோய்ப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கிழிப்பதானால் இங்கே கிழித்துவிடலாம்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று வெளியே பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் உங்களை அடுப்படிக்குள் கூப்பிட்டு, இருமல் எப்போது வந்தது, மாத்திரை எப்போது தொடங்கினார்கள், வாந்தி எப்போது, யாராவது வீட்டுக்கு வந்து பார்த்தார்களா என்று வரிசையாகக் கேட்டேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமல் நீங்கள் சொன்னீர்கள்: "ஒங்கண்ணன் செத்தது ஒனக்குப் படிப்பா ஆத்தா? போயி வேற எளவு வீட்டுல எழுது." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டேன்.

கேட்ட இடமும் நாளும் தப்பு. கேள்விகள் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சிலர் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. எனக்குக் கேட்க மட்டும்தான் வருகிறது.

உங்கள் மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. காசநோய் ஆய்வு அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிற ஒரு தங்கை அண்ணனுக்கு இருந்தாள். அவனுக்கு அந்த நோய் என்பது, மதுரை ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு நின்ற பிறகு, யாரோ ஒரு நர்ஸ் சொல்லி அவளுக்குத் தெரிந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஓவியா அப்பாவின் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கியவள். கிருமி அவள் உடம்புக்குள் போயிருந்தால் இப்போதே கண்டுபிடித்துவிடலாம். நோய் இல்லை என்றாலும், வராமல் தடுக்க மாத்திரை உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது சும்மா தள்ளிப்போடுகிற காரியம் இல்லை.

அருணாதேவி

*

சின்னமுத்தன்பட்டி,
2.2.2025

அருணாவுக்கு வேலுத்தாய் எழுதுவது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஓவியா தபால்காரரிடம் வாங்கி, "அத்தை எழுதியிருக்கு" என்று தெருவே கேட்க வாசித்துவிட்டாள். நல்லவேளை, உன் கையெழுத்து அவளுக்கு முதல் வரிக்கு மேல் புரியவில்லை.

பரிசோதனைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாய். அப்புறம் மாத்திரை கொடுக்கச் சொல்வாய். உன் அண்ணன் அந்த மாத்திரையைத் தொடுகிற வரைக்கும் இருமிக்கொண்டே நடந்துபோய்க் கம்பெனி வேனில் ஏறினவர். சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் விழுந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே மாத்திரையை என் பிள்ளைக்கும் கொடு என்று, அவரோடு பிறந்த நீ எழுதுகிறாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நான் சொல்லத்தான் போனேன். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏலா, மல்லாங்கிணத்துக்காரக வந்து பாத்துட்டுப் போயிருக்காக. தை மாசம் கைநனைச்சு உறுதி பண்ண வாரேன்னுருக்காக. இந்த வீட்டுல டிபின்னு காதுல விழுந்தா வருவாகளா? அவ கல்யாணம் முடியட்டும். ஆறு மாசம் மாத்திரை தின்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சிருவேன். அவளுக்குத் தெரிஞ்சுச்சு, மறுநாளே ஜீப்போட வந்து தெருவுல நிப்பா."

உனக்கு மாப்பிள்ளை வர வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு செத்தார். இப்போது அந்த வாயை ஏன் மூடினீர்கள் என்று என்னைக் கேட்கிறாய்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். இனிமேல் எழுத வேண்டாம்.

வேலுத்தாய்

*

சென்னை,
23.2.2025

மதினிக்கு,

அந்த மல்லாங்கிணற்று மாப்பிள்ளையை ஒரு தடவைதான் பார்த்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார் என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை. பிடிக்கவில்லை என்று அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். அவன் அவர்களுக்கு வாங்கிய மிச்ச மிக்சரை ஓவியாவுக்கு ஊட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ரயிலேறிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன்.

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருமுறை கேட்டபோது, புது மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். அது உண்மையில்லை. மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் அது நோயாளியிடம் எந்த இடத்தில் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது என்று தேடுவதுதான் எங்கள் ஆய்வு. தேடிக் கண்டுபிடித்ததை ஓரிடத்தில் மாற்றிப் பார்க்க வேண்டும். பலன் இருந்தால் எல்லா ஊருக்கும் உத்தரவு போடச் சொல்ல வேண்டும்.

மாத்திரை தொடங்கியவர்களைப் போனில் கூப்பிட்டு, ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, வாந்தி மயக்கம் உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டாசு ஊர்களில் பாதிப் பேருக்கு மேல் "எடுக்கவில்லை, ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், "அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அக்கறை கிடையாது, குடிப்பார்கள்" என்றார்.

அவர்கள் கூப்பிட்ட நேரத்தை மட்டும் நான் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாம் பகல். ஆபீஸ் திறந்த பிறகு, மூடுவதற்கு முன்னால்.

எங்கள் தலைவர் டாக்டர் செழியனிடம் போய்ச் சொன்னேன்: "சார், பட்டாசுக் கம்பெனியில் தீப்பொறிக்குப் பயந்து செருப்பைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். போனைக் கேட்டிலேயே வாட்ச்மேன் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார். சாயங்காலம் வேன் கிளம்பும்போதுதான் கைக்கு வரும். இவர்கள் கூப்பிட்டதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் அடித்திருக்கிறது." அவர், "அருணா, இது தரவா, துக்கமா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

அண்ணனை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள் மதினி. மூன்றும் பகலில்.

அன்று அடுப்படியில் கேட்டதை இப்போது தாளில் கேட்கிறேன். பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. அந்த நாட்களில் என்ன நடந்தது?

அருணா

*

சின்னமுத்தன்பட்டி,
16.3.2025

அருணாவுக்கு,

கூப்பிட்டது தெரியும். சாயங்காலம் வேனில் ஏறினதும் போனைப் பார்ப்பார். "ஏதோ நம்பர் கூப்பிட்டுருக்கு, பாரு" என்று என்னிடம் கொடுப்பார். நான் அதே கம்பெனியில் பெட்டி மடிக்கிற இடத்தில் இருப்பதால் ஒரே வேன்தான். நான் அந்த நம்பருக்குத் திருப்பி அடிப்பேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சாத்தூர் ரோடு முழுக்க, வேன் சத்தத்தில் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு அடித்துப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கூப்பிட்டு நாங்கள் எடுக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கூப்பிட்டு அவர்கள் எடுக்காததை யார் எழுதினார்கள்?

மற்றதையும் எழுதிவிடுகிறேன். சொல்ல எனக்கும் ஆள் இல்லை.

தீபாவளி சீசன். லோடு போய்க்கொண்டே இருந்தது. லீவு போட்டால் அடுத்த ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரம் வாந்தி வந்தது. சோறு பிடிக்கவில்லை. கம்பெனியில் தூசி இறங்க எல்லோரும் சாப்பிடுவதைப் போல வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்தேன். அதுவும் நிற்கவில்லை. கண் மஞ்சளாக இருந்தது. அவர் கந்தகம் சலிக்கிற ரூமில் இருந்தவர். அந்த ரூம்காரர்கள் வேட்டி, தலைமயிர், நகக்கண் எல்லாம் மஞ்சளாகத்தான் வருவார்கள். போர்மேன் சோலைச்சாமி அண்ணனே பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, கண்ணுலயும் பூசிக்கிட்டு வந்துட்டியா?" என்று கேலி பண்ணினார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஒன்றுக்கு நிறம் மாறியதும் தெரியும். ஆனால் மாத்திரை கொடுத்த அன்றைக்கே, "சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பயப்பட வேண்டாம் என்றார்கள், நாங்களும் பயப்படவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலையில், வேனுக்குக் கிளம்பச் சட்டையைப் போட்டார். பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். என்னைப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, "ஒங்களக் கட்டிக்கிட்டு வந்த பாவி" என்றேன். அதற்கும் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே நின்றார். மதுரைக்குக் கொண்டுபோனது அன்றைக்குத்தான். போகிற வழியிலேயே பேச்சு நின்றுபோனது. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?"

இதைத்தானே கேட்டாய். எழுதிவிட்டேன்.

வேலுத்தாய்

*

சென்னை,
13.4.2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை.

மாத்திரைதான் கொன்றது என்று நீங்கள் முதலில் எழுதியபோது, மறுப்பதற்கு மனத்துக்குள் வரி வரியாக எழுதி வைத்திருந்தேன். அந்த வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பாதி உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது. அந்த மாத்திரை லட்சக்கணக்கான பேரைப் பிழைக்க வைக்கிறது. சில பேருக்கு மட்டும் கல்லீரலைக் கெடுக்கிறது. வாந்தியும் கண் மஞ்சளும் அதன் அடையாளம். அந்த நேரம் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போனால் பெரும்பாலும் ஈரல் தேறிவிடும். வேறு மருந்து கொடுத்து நோயையும் குணப்படுத்துவார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் அந்தப் போன் அழைப்பே.

உங்களுக்குத் தெரிய வேண்டியது உங்களிடம் வந்து சேரவில்லை. உங்கள் மேல் தப்பில்லை.

செழியன் சார் என்னை இந்த ஆய்விலிருந்து விலக்கிவிட்டார். பெயர் இல்லாமல் வந்த பதிவுகள்தான். ஆனாலும் வயது, ஊர், மாத்திரை தொடங்கிய மாதம் இவற்றைப் பார்த்து, ஒரு வரி அண்ணன்தான் என்று நான் கண்டுகொண்டதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "உன் அண்ணன் இதுக்குள்ள இருக்கார்மா. நீ போட்ட கணக்கை நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். நியாயம்தான். இன்னொருவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அவர் அண்ணனின் வரியை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். முடிவு மாறவில்லை. எங்கள் வேலையில் இது நல்ல செய்தி. ஒரு ஆளை எடுத்ததும் ஆடிப்போகிற முடிவு உறுதியான முடிவு இல்லை. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சீட்டுப் போட்டுப் பாதி ஊர்களை எடுத்து, அங்கே மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுவார்கள். பாதியில் விட்டவர்களையும் கூப்பிடுவார்கள். மற்ற ஊர்களில் பழையபடி. எது பலன் தருகிறது என்று பார்த்துவிட்டு எல்லா ஊருக்கும் உத்தரவு.

இன்னொன்று. அண்ணனை இறந்தவர் என்று அவர்கள் எழுதவில்லை. மதுரையில் இறந்த விவரம் இங்கே வரவில்லை. "பாதியில் விட்டவர்" என்று இருக்கிறது. அவன் எதையும் பாதியில் விட்டவன் இல்லை. இறப்புச் சான்றிதழின் நகல் அனுப்பினால் மாற்றச் சொல்வேன்.

ஓவியாவை எப்போது கூட்டிப்போகிறீர்கள்? பிள்ளைகளுக்கு ஈரல் கெடுவது மிகவும் அபூர்வம். பார்த்துக்கொள்ள முடியும்.

அருணா

*

சின்னமுத்தன்பட்டி,
5.7.2025

அருணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் திரும்ப எடுத்தேன். முதல் தடவை, "முடிவு மாறவில்லை" என்கிற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

அவரை எடுத்துவிட்டாலும் உங்கள் கணக்கு மாறவில்லை. சரி. இங்கே மாறிவிட்டது. முன்னால் இரண்டு பேர் கூலிக்குப் போனோம், இப்போது நான் ஒருத்தி. ஓவியா பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் சித்தி கூப்பிட்டாலும் போக மாட்டேன் என்கிறாள். கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் முதலில் என் பின்னால் பார்க்கிறாள், வேறு யாரும் வருகிறார்களா என்று.

பாதி ஊருக்குச் சாயங்காலம் கூப்பிடுவீர்கள், மீதி ஊருக்குப் பகலிலேயே கூப்பிடுவீர்கள். பகலில் போன் பெட்டிக்குள் இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பாதி ஊரில் பெட்டிக்கு மணி அடிக்கப்போகிறீர்கள். எதற்கு? தெரிந்ததை இன்னொரு தடவை தெரிந்துகொள்வதற்கா? அந்த ஊரிலும் ஒருத்தி திருப்பி அடித்துக்கொண்டிருப்பாள்.

சான்றிதழ் அனுப்ப மாட்டேன். ரேஷன் கடைக்குக் கொடுத்தேன், பாங்குக்குக் கொடுத்தேன், கம்பெனிக்குக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். போகிற இடமெல்லாம் செத்துவிட்டார், செத்துவிட்டார் என்று நானே சொல்லிவிட்டு வருகிறேன். ஒரு இடத்திலாவது சாகாமல் இருக்கட்டும். பாதியில் விட்டவர் என்றே இருக்கட்டும். விட்டுவிட்டுத்தானே போனார்.

ஓவியாவுக்குக் கொஞ்சநாளாகச் சளி. சாயங்காலம் மேல் சுடுகிறது. புழுதிக் காற்றுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் மாவிளக்குப் போடுவதாக வேண்டியிருக்கிறேன்.

வேலுத்தாய்

*

சென்னை,
19.8.2025

மதினிக்கு,

போன மாதம், உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே டிக்கெட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டினேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள். உங்கள் செருப்பும் ஓவியாவின் சின்னச் செருப்பும் வாசலில் இருந்தன. உள்ளே அவள் இருமினாள். நீங்கள் அவள் வாயைப் பொத்தியது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் இருமல் நடுவில் நின்றது.

பஞ்சம்மாள் சித்தி வெளியே வந்து, "என்னத்தா, வீட்டுல ஆளு இல்லியா?" என்றார். இல்லை என்றேன். தெருவில் நின்று, டிபி, பிள்ளை, பரிசோதனை என்று கத்தியிருந்தால் நீங்கள் திறந்திருக்கலாம். அண்ணன் எதற்குப் பயந்து சாகும் வரை மறைத்தானோ, அதை நான் தெருவில் நின்று செய்ய முடியவில்லை. சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. விருதுநகர் வந்து ரயிலேறும் வரை அந்தப் பாதி இருமல் காதிலேயே இருந்தது.

மீதி ஊர்களைப் பற்றி நீங்கள் கேட்டதை அப்படியே செழியன் சாரிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் பேச்சை மட்டும் நம்பி யாரும் உத்தரவு போட மாட்டார்கள், ஆள் போட மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். இது காரணம். நியாயம் என்று சொல்ல வரவில்லை. சார் ஒன்று செய்தார். ஆறு மாதம் என்று இருந்ததை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டார். பகலில் கூப்பிட்டு எடுக்காதவர் வீட்டுக்கு அந்த வாரமே ஆள் போக வேண்டும் என்றும் சேர்த்தார்.

சாயங்கால அழைப்பு ஆவணி பிறந்ததும் தொடங்கிவிட்டது. எந்த ஊர் எந்தப் பாதியில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது.

சளியும் மாலைக் காய்ச்சலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் புழுதி இல்லை மதினி. மாவிளக்குப் போட்டிருப்பீர்கள். இனி சாத்தூர் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். என்னை வெறுத்துக்கொண்டே செய்யலாம்.

அருணா

*

சின்னமுத்தன்பட்டி,
14.9.2025

அருணாவுக்கு,

போன மாதம் கடைசியில், வேலை விட்டு வந்து உலை வைத்திருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். கம்பெனி ஆள்தான் நாளைக்கு வேன் நேரம் சொல்கிறான் என்று எடுத்தேன். ஒரு பொண்ணு பேசினாள். குரலைக் கேட்டால் நம் பக்கத்துப் பிள்ளை.

"வணக்கம்க்கா, காசநோய்த் திட்டத்துல இருந்து பாண்டிமீனா பேசுறேன். ஜெயபாண்டி அண்ணே இருக்காகளா?"

இத்தனை மாதம் கழித்து ஒரு ஆள், இருக்காகளா என்று கேட்டதும் என்ன நினைத்தேனோ, "வேலைக்குப் போயிருக்காக" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க அவுக வீட்டம்மாவாக்கா? மாத்திரையப் பாதியில விட்டுட்டாகன்னு இருக்கு. ஏங்க்கா, என்ன செஞ்சுச்சு?"

"வாந்தி."

"எம்புட்டு நாளா?"

"மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துல இருந்து."

"சோறு திங்காகளா?"

"இல்ல."

"கண்ண வெளிச்சத்துல பாத்தீகளா? மஞ்சளா இருக்கா?"

"கந்தக ரூம்ல இருக்காக. அந்த மஞ்சளா இருக்கும்."

"அது வெளிய ஒட்டுறதுக்கா. கழுவுனாப் போயிரும். கண்ணு முழி மஞ்சளா இருந்தா அது உள்ள இருந்து வாரது. ஒன்னுக்கு எப்படிப் போகுது?"

"சிவப்பாப் போகும்னு நீங்கதான சொன்னீக."

"சிவப்புன்னா பயம் இல்லக்கா. கட்டங்காப்பி மாதிரி போகுதா?"

ஆமா என்றேன். அந்தப் பிள்ளைக்குக் குரல் மாறிப்போனது. "அக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க. இனி ஒரு மாத்திரைகூடக் குடுக்காதீக. காலைல பாத்துக்கிருவோம்னு இருந்துராதீக. நான் இப்பமே வண்டிக்குச் சொல்லுதேன். அண்ணே எந்தக் கம்பெனி? கேட்டுக்கே வண்டி போகட்டும். நான் போன வைக்கமாட்டேன்."

நான் கேட்க வேண்டியிருந்தது அதைத்தான் அருணா. ஒரு ஆள் கூப்பிட்டிருந்தால் என்ன கேட்டிருப்பாள், நான் என்ன சொல்லியிருப்பேன், அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டேன். அவ்வளவையும் கேட்டு முடித்தபோது அடுப்பில் உலை இன்னும் கொதிக்கவில்லை. இவ்வளவு நேரத்து வேலைதான்.

அதற்குப் பிறகு சொன்னேன். "தாயி, அவுக போன ஐப்பசியிலயே போயிட்டாக."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "மன்னிச்சிருங்கக்கா" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என்னிடம் அவ்வளவு கெட்டிக்காரியாகப் பேசின பிள்ளை, அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி, "பேர எடுத்துரவாக்கா?" என்று கேட்டாள்.

எடுத்துரு என்றேன். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. உன் மேலும் அப்போது வரவில்லை. யார் மேலாவது வராதா என்று தேடினேன்.

ஓவியா பக்கத்தில்தான் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இருமினாள். அந்தப் பொண்ணு, "யாருக்கா இருமுறது?" என்றாள். பிள்ளையின் வாயைப் பொத்தக் கை போனது. போன கையை எடுத்துக்கொண்டேன். "அவுக மக. வண்டிக்குச் சொல்லிட்டீல்ல, வரட்டும்" என்றேன்.

வண்டி வெள்ளை வண்டிதான். எதுவும் எழுதியிருக்கவில்லை. தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சம்மாள் சித்தி மட்டும் கேட்டாள், காய்ச்சல் என்றேன்.

படம் எடுத்தார்கள், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து சளி எடுத்தார்கள். பிள்ளை என் சேலையைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது. நோய் வந்துவிட்டது. நீ முதலில் எழுதியபோதே கூட்டிப்போயிருந்தால் வராமலே தடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. கேட்டேன். கேட்ட பிறகும் சொல்லவில்லை, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கு இல்லையாம்.

கண்ணை எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தார்கள். பாண்டிமீனா கூப்பிடுகிறாள். ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். ஓவியாவிடம்தான் முதலில் பேசுவாள்.

அந்த மீதிப் பாதி ஊரை நான் மறக்கவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் என்ன ஆனது என்று எனக்கு எழுத வேண்டும்.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். வர வேண்டும் என்றால் வா. ஞாயிற்றுக்கிழமை வா, மற்ற நாள் நான் இருக்க மாட்டேன்.

மாத்திரை ஆறு மாதத்துக்கு. பிள்ளைகளுக்கு என்று தனியாக இருக்கிறது, பழ வாசம் அடிக்கிறது. தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். காலையில் டம்ளரில் போட்டுக் கலக்குகிறேன். கலக்கினதைக் கொடுக்கக் கை வராமல் நிற்பேன். அவளாகவே வாங்கிக் குடித்துவிடுகிறாள். குடித்ததும் வாசலுக்குக் கூட்டிப்போய், வெயில் விழுகிற இடத்தில் நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறேன். "வெள்ளையா இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறாள். அப்போது வேன்காரன் வந்து ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும் என்று இன்னொரு கண்ணையும் பார்க்கிறேன்.

இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது.

வேலுத்தாய்